குழாயடியும் அச்சுப்பொறியும்

தெருக் குழாயடியை அறியாதவர் நம்மில் யார்? தண்ணீர் வருமுன்பே குடங்கள் வரிசையில் நின்றுவிடும். குடத்துக்கு உரியவர் வீட்டில் உலை வைத்துக்கொண்டிருப்பார். அவருக்காகக் குடம் நிற்கும். முறை வந்ததும் தண்ணீர் கிடைக்கும். வரிசையை ஒருவர் கலைத்தாலோ, தெரு முழுவதும் கூச்சல்தான்!

யூனிக்ஸ் வகைக் கணிப்பொறிகளில் பொது அச்சுப்பொறி இயங்கும் விதமும் இதுவே. 1969-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சன், டென்னிஸ் ரிட்ச்சி முதலியோர் உருவாக்கத் தொடங்கிய யூனிக்ஸ், பலர் பகிர்ந்து பயன்படுத்தும் கணிப்பொறிக்கென வளர்ந்தது. அதில் பயனாளர் எவரும் அச்சுப்பொறியை நேரே தொடுவதில்லை. அவரது கோப்பு 'ஸ்பூல்' என்னும் கிடங்கில் சென்று அமரும். பின்னணியில் விழித்திருக்கும் நிரல் ஒன்று, கோப்புகளை ஒவ்வொன்றாக எடுத்து அச்சுக்கு அனுப்பும். ஒருவர் தாளில் மற்றவர் எழுத்து கலப்பதில்லை. 1999-இல் வெளிவந்து இன்று லினக்ஸ் கணிப்பொறிகளில் பரவலாக உள்ள 'கப்ஸ்' என்னும் மென்பொருளும் இவ்வழியே நடக்கிறது.

பொறிக்குள் இவ்வளவு ஒழுங்கு இருந்தும் வெளியே சண்டை ஏன்? ஆய்வறிக்கை ஒப்படைக்கும் வாரத்தில், ஓர் அச்சுப்பொறியை நாற்பது பேர் நம்பியிருக்கும் கூடத்துக்குள் நுழைந்து பாருங்கள். தலைமைக் கடவுச்சொல் எப்படியோ நாலு பேருக்குத் தெரிந்திருக்கும். பிறர் வேலையை நீக்கிவிட்டுத் தம்முடையதை முன்னே நுழைப்பார்கள். தடியெடுத்தவன் தண்டல்காரன்! இதற்கு அஞ்சி, அச்சுப்பொறியை அறையில் வைத்துப் பூட்டி, கேட்பவர் முகம் பார்த்துத் திறந்துவிடுவாரும் உண்டு. இரண்டும் தவறு என்பதே என் கருத்து. முன்னது அடாவடி, பின்னது தயவு. மாணவனுக்கு வேண்டியது தயவன்று, முறை.

அம்முறைக்கு வேண்டியவை கப்ஸிலேயே உள்ளன. இன்னின்ன பயனாளர், இன்னின்ன குழுவினர் மட்டுமே அச்சிடலாம் என ஒவ்வோர் அச்சுப்பொறிக்கும் வரையறுக்கலாம். வாரத்துக்கு 50 பக்கம் என்பது போல் வரம்பும் விதிக்கலாம். இதில் ஒரு நயம் உண்டு: கணக்கு ஆளுக்கு ஆள் தனி, வரம்போ அந்த அச்சுப்பொறியைப் பயன்படுத்தும் அனைவருக்கும் ஒன்றே. டெபியன் வகை லினக்ஸில் அச்சுப்பொறியை மேற்பார்க்கவெனத் தனிக் குழுவே இருக்கிறது. பொறுப்பாளரை அதில் சேர்த்துவிட்டால், தலைமைக் கடவுச்சொல்லை ஊருக்கெல்லாம் சொல்ல வேண்டியதில்லை.

"தேவை மிகும் மாதத்தில் வரம்பு இடிக்குமே" எனலாம். உண்மைதான். அம்மாதத்தில் வரம்பை உயர்த்துவோம். ஆனால் அறிவிப்புப் பலகையில் எழுதி, எல்லோருக்கும் உயர்த்துவோம். சில அச்சுப்பொறிகளில் பக்கக் கணக்கு சரியாக விழாது என்பதும் மெய்யே. அதனால் பொறியின் கணக்கோடு பொறுப்பாளரின் கண்ணும் வேண்டும்.

காத்திருப்போருக்குச் செய்தி தெரிவதும் முறையின் ஒரு பகுதியே. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் ஆய்வுக்கூடம் ஒன்றில் பணியாற்றிய ரிச்சர்டு ஸ்டால்மன், தாள் சிக்கினால் காத்திருப்போருக்குத் தகவல் போகும்படி அச்சுப்பொறியின் நிரலைத் திருத்தி வைத்திருந்தார். 1980-ஐ ஒட்டி வந்த புதிய அச்சுப்பொறிக்கு மூல நிரல் கிடைக்காததால் அவ்வசதியைச் சேர்க்க முடியவில்லை. அந்த மனத்தாங்கல், 1983-இல் அவர் அறிவித்த குனூ திட்டத்துக்கு ஒரு தூண்டுகோலாயிற்று. தாள் சிக்கியதை நாலு பேருக்குச் சொல்லும் சிறு செயல் எவ்வளவு பெரிது, பாருங்கள்!

நண்பர்களே, பொதுப்பொருளைப் பகிரத் தெரிவதும் கல்விதான். வரிசையை எல்லோரும் காணட்டும். விதியை எல்லோரும் அறியட்டும். கடவுச்சொல் பொறுப்பாளரிடம் மட்டும் இருக்கட்டும். முன்னே நிற்கும் குடத்தை நகர்த்தாத கை, நாளை எந்தப் பொறுப்பையும் ஏற்கத் தகுந்த கை.