கான்ட்ராக்டுக்குப் பணம் உண்டு, பாடத்துக்குப் பணம் இல்லை!

குவாதமாலா, ஹோண்டுராஸ், எல் சால்வடோர் நாடுகளிலிருந்து வறுமையும் வன்முறையும் விரட்ட, தாய் தகப்பன் துணையின்றி எல்லை தாண்டி வரும் குழந்தைகளை அமெரிக்க சர்க்கார் விடுதிகளில் வைக்கிறது. பணம் சர்க்காருடையது, விடுதியை நடத்துவதோ பெரும்பாலும் வெளியார்.

புளோரிடாவில் ஹோம்ஸ்டெட் என்ற இடத்தில் 2019 வரை இயங்கிய விடுதியை லாபத்துக்காக ஒரு கம்பெனி நடத்தியது. ஒரு குழந்தைக்கு நாளொன்றுக்கு சுமார் 775 டாலர் செலவு. நிரந்தர விடுதிகளில் சுமார் 256 டாலர்தான். தற்காலிக ஏற்பாடு, அதனால் செலவு அதிகம் என்று சமாதானம் சொன்னார்கள். உள்நாட்டுப் பாதுகாப்பு மந்திரியாக இருந்த ஜான் கெல்லி, அதே ஆண்டில் அக்கம்பெனியின் தாய்க் கம்பெனிக்கு டைரக்டரானார்!

2019 ஜூனில் சர்க்கார் கையை விரித்தது. இங்கிலீஷ் வகுப்பு, பந்து விளையாட்டு, வக்கீல் உதவி மூன்றுக்கும் பணம் கிடையாது என்று விடுதிகளுக்கு உத்தரவு போட்டது. படிப்பும் விளையாட்டும் தரவேண்டும் என்று 1997-ல் கோர்ட்டில் ஒப்புக்கொண்டதும் இதே சர்க்கார்தான்.

2025 மார்ச்சில் மறுபடியும் சுமார் 26,000 குழந்தைகளின் வக்கீல் உதவியில் கைவைத்தது. ஏப்ரலில் கோர்ட் தலையிட வேண்டியதாயிற்று.

பற்றாக்குறை என்றதும் முதலில் வெட்டு விழுவது வாத்தியார் மீதும் வக்கீல் மீதும்தான். கான்ட்ராக்ட் முறை மட்டும் அசையாமல் நிற்கிறது. இந்த சூட்சுமத்தை நமது ஆலைத் தொழிலாளிக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

வக்கீல் இல்லாமல் ஒரு குழந்தை நீதிபதி முன் தனியே நிற்பதா? குழந்தையின் பெயரால் ஒதுக்கும் பணம் குழந்தைக்கே போய்ச் சேரவேண்டும் என்கிறோம். அநாதரவான பிள்ளையை வைத்து லாபம் பார்க்கும் முறை ஒழிய வேண்டும்!