தலையை எண்ணித்தான் ரோடு

போன மழைக்காலத்தில் மகளிர் குழுக் கடன் விஷயமாக மண்ட்லா மாவட்டத்தில் ஒரு டோலாவுக்குப் போயிருந்தேன். டோலா என்றால் நம்மூர்ப் பட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜீப் பாதியில் நின்றுவிட்டது. அதற்கு மேல் மூன்று கிலோமீட்டர் சேற்றில் நடை, நடுவில் ஒரு ஓடை. பேண்ட்டை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு, ஃபைலைத் தலையில் வைத்துக்கொண்டு கடந்தேன். (சிரிக்காதீர்கள்.)

குழுவில் கேட்டது கறவை மாட்டுக் கடன். திருப்பிக் கட்டுவதில் அந்தப் பெண்களைக் குறை சொல்லவே முடியாது. ஆனால் நாலு மாதம் ஓடையில் தண்ணீர் ஓடினால் பால் வண்டி எப்படி வரும்? கறந்த பாலை என்ன செய்வது? இதையெல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டியவன் நான்.

பக்கத்து டோலாவுக்குத் தார் ரோடு இருக்கிறது. ஏன் என்று கேட்டால், அவர்கள் 250 பேருக்கு மேல், இவர்கள் முப்பது சொச்சம் குறைவு என்றார்கள். அவ்வளவுதான் வித்தியாசம்.

பிரதமர் கிராமச் சாலைத் திட்டம் 2000 டிசம்பர் 25ல் வந்தது. சமவெளியில் 500 பேர், மலை, பாலைவனம், பழங்குடிப் பகுதிகளில் 250 பேர் இருந்தால் ரோடு. குறை சொல்லவில்லை, அதனால் லட்சக்கணக்கான கிலோமீட்டர் ரோடு வந்திருக்கிறது. 2024ல் நாலாம் கட்டத்துக்கு அனுமதி கொடுத்தார்கள். 25,000 குடியிருப்புகள், 62,500 கிலோமீட்டர், 2028-29 வரை. எண்ணிக்கைக்கு எடுத்துக்கொண்டது 2011 சென்சஸ். 2021ல் எடுக்க வேண்டியது கொரோனாவால் தள்ளிப்போய், தலை எண்ணுவது 2027 பிப்ரவரிக்குப் போனது. ஆக, 2011ல் பிறந்த குழந்தை ஓட்டுப் போடும் வயதுக்கு வரும்வரை அந்தப் பழைய கணக்குதான்.

அந்தக் கணக்கை எப்படி எடுத்தார்கள்? 2011 பிப்ரவரி 9 முதல் 28 வரை. அந்த நாட்கள் முழுக்க ஊரில் இல்லாதவர் ஊர்க் கணக்கில் வரமாட்டார். பிப்ரவரியில் இவர்களில் பாதிப்பேர் நாக்பூரிலும் ஜபல்பூரிலும் சித்தாள் வேலையில் இருப்பார்களாம். ரோடு இல்லாததால் பிழைக்கப் போகிறார்கள். போனதால் தலை குறைகிறது. தலை குறைந்ததால் ரோடு இல்லை. நல்ல கணக்கு!

நம் கதையும் இதுதானே? அப்பா அம்மாவை ஊரில் விட்டுவிட்டு வந்த நம்மையும் பிள்ளைகளையும் இங்கேதான் எண்ணினார்கள். நம் கிராமத்தின் கணக்கில் நாம் இல்லை. ஆனால் நம் ஊருக்கு டவுன் பஸ்ஸாவது வருகிறது. மத்தியப் பிரதேசத்தில் அரசு பஸ் கழகத்தையே 2005ல் மூடிவிட்டார்கள்.

நிற்க. எங்கள் துறை மட்டும் யோக்கியமா? கிராமங்களுக்கு வங்கிச் சேவை என்று 2009ல் ரிசர்வ் வங்கி திட்டம் போடச் சொன்னபோது முதலில் பார்த்தது 2,000 பேருக்கு மேல் உள்ள ஊர்களைத்தான்.

இருநூறு பேருக்காக மூன்று கிலோமீட்டரும் ஒரு பாலமும் கட்டுப்படியாகுமா என்று கேட்பீர்கள். பி.காம். படித்தவன், எனக்கும் அந்தக் கணக்கு தெரியும். ஆனால் 2019ல் மூன்றாம் கட்டத்தில் இருக்கிற ரோடுகளை மேம்படுத்தியபோது, எந்த ரோடு சந்தைக்குப் போகிறது, எது மேல்நிலைப் பள்ளிக்கு, எது ஆஸ்பத்திரிக்கு என்று பார்த்துத்தானே தேர்ந்தெடுத்தார்கள்? ரோடு இருக்கிற ஊருக்குக் கிடைத்த அந்த நியாயம், ரோடே இல்லாத ஊருக்கு மட்டும் ஏன் இல்லை? முப்பது தலை குறைந்தால் என்ன, ஓடையின் ஆழத்தையும் ஆஸ்பத்திரியின் தூரத்தையும் அளந்து பாருங்கள் என்பதுதான் என் கட்சி.

கடைசியில் மாட்டுக்குப் பதில் ஆட்டுக்குச் சிபாரிசு எழுதினேன். தொகை குறைவுதான், அந்த அம்மாக்களுக்குத் திருப்தியில்லை. ஆனால் ஆடென்றால் ஓடை வற்றியதும் நடந்தே சந்தைக்குப் போய்விடும்.