செயலி பார்க்கட்டும், மேலதிகாரி பார்க்க வேண்டாம்



பயிற்சி வைத்தியர்களின் மனச்சோர்வைக் கைத்தொலைபேசிச் செயலியால் அளப்பது பற்றிச் சில வரிகள்.

இன்று மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் இருக்கும் மனநல வைத்தியர் ஸ்ரீஜன் சென், 2007 முதல் அமெரிக்கப் பயிற்சி வைத்தியர்களை ஆராய்கிறார். பயிற்சிக்கு முன் 3.9 சதவீதமானோரிடம் இருந்த மனச்சோர்வு, பயிற்சி ஆண்டில் சராசரியாக 25.7 சதவீதமாக உயர்ந்ததென 2010 இல் அவரது குழு எழுதியது. பின்னர் ஆய்வில் செயலியும் சேர்ந்தது. அன்றைய மனநிலைக்கு 1 முதல் 10 வரை பயிற்சி வைத்தியர்களே புள்ளியிட வேண்டும். தூக்கத்தையும் நடையையும் கைப்பட்டி கணக்கெடுக்கும்.

நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்தப் புள்ளியை யார் பார்ப்பது? இலங்கையில் பயிற்சியை ஒழுங்காக முடித்ததற்கான சான்று இல்லாமல் மருத்துவ சபையில் முழுப் பதிவு கிடையாது. சான்று தருபவரின் கண்ணில் படுமென்றால் எந்தப் பிள்ளை 3 என்று போடும்? எல்லாரும் 9 தான்!

அளந்தால் மட்டும் போதாது, காரணத்தையும் பார்க்க வேண்டும். இந்தியத் தேசிய மருத்துவ ஆணையத்தின் பணிக்குழு 2024 இல், முதுநிலை மாணவருக்கு வாரத்துக்கு 74 மணித்தியாலத்துக்கு மேல் வேலை கூடாது, ஒருநாள் விடுமுறை வேண்டும் எனப் பரிந்துரைத்தது. சோர்வின் வேர் நீண்ட வேலை நேரத்தில்தான் இருக்கிறது.

எங்கள் கண்டாவளையில் வருத்தம் கடுமையானால் கிளிநொச்சிக்கோ யாழ்ப்பாணத்துக்கோதான் ஓடுகிறோம். பெரிய ஆஸ்பத்திரிகளில் நடுச்சாமத்தில் முதலில் கைநாடி பிடிப்பவர் பெரும்பாலும் பயிற்சி வைத்தியரே. சுகாதார அமைச்சு முதலில் அவர்களின் வேலை நேரத்துக்கு வரம்பு கட்டட்டும். செயலி வந்தால், பெயர் தெரியாத மொத்தக் கணக்கு மட்டும் நிர்வாகத்துக்குப் போகட்டும்.

வாசகர் ஒருவர்,
கண்டாவளை.