சத்திரசிகிச்சைக்குப் பின் சாப்பாடு

சகோதரிகளே, உடற்பருமனைக் குறைக்கச் சத்திரசிகிச்சை செய்துகொண்டால் இனிக் கவலையில்லை என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் கவனம் தேவைப்படுவது அதன் பிறகுதான்.

ஸ்லீவ் முறையில் இரைப்பையின் சுமார் 80 சதவீதம் அகற்றப்படுகிறது. ஒரு வேளைக்குச் சில கரண்டி உணவே கொள்ளும். ஆகவே முதலிடம் சோற்றுக்கல்ல, புரதத்துக்கே. நாளொன்றுக்குக் குறைந்தது 60 கிராம் வேண்டும். ஒரு முட்டையில் இருப்பது ஏறத்தாழ 6 கிராம்தான். மீன், பருப்பு, தயிர் என்று பிரித்துப் பிரித்து, நன்கு மென்று சாப்பிட வேண்டும். தண்ணீரைச் சாப்பாட்டுடன் குடிக்காமல் அரை மணி நேரம் கழித்துக் குடிப்பது நல்லது.

நமது பேராதனைப் பக்கத்தில் எந்த வீட்டுக்குப் போனாலும் சீனி போட்ட தேநீர் வரும். குடலை மாற்றி இணைக்கும் பைபாஸ் செய்தவர்களுக்கு அதனால் படபடப்பு, வியர்வை, தலைச்சுற்று வரலாம். சாப்பாட்டுடன் குடிக்கும் தேநீர் இரும்புச்சத்து உடலில் சேர்வதையும் குறைக்கும்.

களைத்துப்போய் இருப்பவரைப் "பஞ்சி" என்று ஏசாதீர்கள். இரும்புச்சத்தோ விற்றமின் பி12ஓ குறைந்திருக்கலாம். குருதிப் பரிசோதனை அவசியம். வைத்தியர் தரும் விற்றமின் மாத்திரைகளை வாழ்நாள் முழுவதும் எடுக்க வேண்டும். வாந்தி தொடர்ந்தால் உடனே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். விற்றமின் பி1 குறைந்து நரம்புகள் பாதிக்கப்படலாம். கர்ப்பம் தரிப்பதை 12 முதல் 18 மாதங்கள் தள்ளிப்போடுங்கள்.

எல்லோரும் உண்டபின் மிஞ்சியதை உண்பது நம் பெண்களின் வழக்கம். இந்தச் சகோதரிக்கு அது ஆபத்து. அவருடைய பங்கை முதலில் எடுத்து வையுங்கள்.