இல்லத்தில் ஒருவரே அறிந்த வித்தை

மக்கள் தம் தொழிலுக்குத் துணையாகக் கருவிகளை ஆக்கிக்கொண்ட நாள்தொட்டு, அவை பழுதுறுதலும், அப்பழுதை நீக்க ஒருவரை நாடுதலும் உலகியல்பாய் இருந்து வருகின்றன. அம்மி தேய்ந்தால் கொத்துவார் வருமளவும் காத்திருந்தனர். பித்தளைப் பாத்திரத்திற் களிம்பு ஏறினால் ஈயம் பூசுவாரை அழைத்தனர். வண்டிச் சக்கரத்தின் பட்டை கழன்றால் கொல்லன் உலைக்கு உருட்டிச் சென்றனர். ஆயினும், பழுது இன்னதென்பது வீட்டார் அனைவர் கண்ணுக்கும் புலனாயிருந்தது. இக்காலத்துக் கைபேசியின் நிலையோ வேறு. நேற்றிருந்த இடத்தில் ஒரு குறி இன்று இல்லாதொழிகின்றது. திரையில் ஒரு சிறு வட்டம் ஓயாது சுழல்கின்றது. 'இடம் போதவில்லை' என்று ஓர் அறிவிப்பு எழுந்து, பின் எதுவும் அசையாது நிற்கின்றது. எது பழுது, எதனாற் பழுது என்பதை வீட்டில் ஒருவரே அறிவார். ஏனையோர் அவர் முகத்தையே நோக்கியிருப்பர். இந்நிலை இல்லறத்திற்கு நன்றன்று என்பதும், இதனை மாற்றுங் கடமை பெரிதும் நம்போன்ற மாணவரைச் சார்ந்தது என்பதும் எம் கருத்தாகும்.

நம் நாட்டின் முதற் கைபேசி உரையாடல் 1995-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 31-ஆம் நாள் நிகழ்ந்தது. மேற்கு வங்க முதலமைச்சராயிருந்த ஜோதி பாசு அவர்கள் கல்கத்தாவிலிருந்து, டெல்லியிலிருந்த மத்திய அமைச்சர் சுக்ராம் அவர்களோடு பேசினார்கள். அன்று கைபேசி செல்வர் கையில் விளங்கிய ஓர் அணிகலம். 2016-ஆம் ஆண்டில் யூ.பி.ஐ. என்னும் பணம் செலுத்தும் முறை தொடங்கப்பெற்றது. இன்று இளநீர் வண்டியிலும் கீரைக் கூடையிலும் அதற்குரிய கட்டம் போட்ட அட்டையைக் காண்கின்றோம். எரிவாயு உருளைக்குப் பதிவு செய்தல், மின்கட்டணம் செலுத்துதல், புகைவண்டிச் சீட்டுப் பெறுதல், வங்கிக் கணக்கை நோக்குதல் ஆகிய யாவும் அவ்வுள்ளங்கையளவான கருவியுட் புகுந்துவிட்டன. ஆதலின், அதனை இயக்க அறியாதவர் தம் வீட்டின் வரவுசெலவைத் தாமே நடத்தும் உரிமையை இழந்தவராகின்றார்.

இனி, நம் இல்லங்களில் நாளும் நிகழ்வதனைச் சிறிது நோக்குவோம். "தம்பி, இது ஏனோ சுற்றிக்கொண்டே இருக்கிறது, கொஞ்சம் பாரப்பா" என்று தந்தையார் கைபேசியை நீட்டுகின்றார். மைந்தன் தன் கருவியினின்றும் கண்ணை எடாது மற்றொரு கையால் அதனை வாங்கி, நான்கு இடத்தில் விரலை வைத்து, "சரியாயிற்று அப்பா" என்று திருப்பித் தருகின்றான். யாது செய்தான் என்பதைத் தந்தையார் கண்டிலர், அவனும் கூறிற்றிலன். அடுத்த திங்களில் அதே பழுது, அதே வேண்டுகோள், அதே நான்கு விரலசைவு. பழுது நீங்கிற்று என்பது மெய்யே. ஆனால், அறிவு ஒரு கையினின்று மற்றொரு கைக்குச் செல்லவில்லை. இதனால் விளையுந் தீங்குகள் மூன்று என்று யாம் கருதுகின்றோம்.

முதலாவது, பெரியோர் மனத்தில் உண்டாகும் கூச்சம். நமக்கு அரிச்சுவடி கற்பித்தபோது 'ழ'கரத்தை நூறுமுறை சொல்லிக்கொடுத்த அன்னையார், வாட்ஸப்பில் வந்த படத்தை அழிக்கும் வழியை இரண்டாம்முறை கேட்டவுடன், "அதற்குள் மறந்துவிட்டதா அம்மா?" என்கின்றோம். சொல் சிறிது, ஆனால், மூன்றாம்முறை அவர் கேளார். கேளாமையின் விளைவை நாம் ஊன்றி நோக்கல் வேண்டும். அண்மைக் காலத்தில் 'டிஜிட்டல் கைது' என்னும் பெயரால் ஒரு வஞ்சகம் நாடெங்கும் பரவிற்று. காவல் அதிகாரியின் உடையில் ஒருவன் காணொளி வழியே தோன்றி, "உம்மீது வழக்குளது, வீட்டை விட்டு வெளிச்செல்லலாகாது, எவரிடமும் சொல்லலாகாது" என்று அச்சுறுத்திப் பணத்தைக் கவர்கின்றான். அங்ஙனம் ஒரு கைதுமுறை நம் நாட்டுச் சட்டத்தில் இல்லை என்று 2024-ஆம் ஆண்டு அக்டோபரில் பிரதமர் தம் வானொலி உரையிலேயே எச்சரித்தார். அவ்வஞ்சகனின் முதல் ஆயுதம் 'எவரிடமும் சொல்லாதே' என்பதே. வீட்டில் எதனையும் கூச்சமின்றிக் கேட்டுப் பழகிய முதியவர், அழைப்பைத் துண்டித்துவிட்டு மகளை நோக்கி, "அம்மா, இது மெய்தானா?" என்று கேட்பார். கேட்டாற் சலித்துக்கொள்வார்கள் என்று அஞ்சிப் பழகியவர் கதவைத் தாழிட்டுக்கொண்டு பணத்தை அனுப்பிவிடுவார். நம் ஒரு சிறு சலிப்பு, அறியாதான் ஒருவனுக்கு வீட்டின் வாயிலைத் திறந்துவிடுகின்றது. பணம் பறிபோனவுடன் 1930 என்னும் எண்ணை அழைத்து முறையிடலாம் என்பதையேனும் எத்துணைப் பெற்றோர்க்கு நாம் சொல்லியிருக்கின்றோம்?

இரண்டாவது, அறிந்தவர் இல்லாதபோது வீடு செயலற்று நிற்றல். பல இல்லங்களில் தந்தையாரின் வங்கிக் கணக்கிற்கும் எரிவாயு இணைப்பிற்கும் பிள்ளையின் கைபேசி எண்ணே பதிவாகியுள்ளது. அன்று எளிதாயிருந்ததென்று அங்ஙனம் செய்தனர். பிள்ளை இன்று விடுதியில் இருக்கின்றான். வங்கியில் முதியவர் வரிசையில் நின்று முறை வந்தவுடன், "ஓ.டி.பி. வந்திருக்கும், சொல்லுங்கள்" என்கின்றார் அலுவலர். அவ்வெண்ணோ, இருநூறு கல் தொலைவில், தேர்வுக்கூடத்தின் வெளியே அணைத்து வைக்கப்பட்ட பிள்ளையின் கைபேசிக்குச் சென்று சேர்ந்தது. முதியவர் வெறுங்கையோடு திரும்புகின்றார். மத்திய அரசின் ஓய்வூதியர் ஆண்டுதோறும் நவம்பர்த் திங்களில் தாம் உயிரோடிருப்பதற்குச் சான்று அளித்தல் வேண்டும். இதனை இல்லத்திலிருந்தே அளித்தற்பொருட்டு 'ஜீவன் பிரமாண்' என்னும் ஏற்பாடு 2014-இல் தொடங்கிற்று. உழைத்துத் தேய்ந்த விரல்களின் ரேகையைக் கருவி ஏலாமையாற் பலர் இடருற்றனர். 2021-இல் முகத்தைக் காட்டிச் சான்றளிக்கும் வழியும் வந்தது. வழி வந்தும் என்? அதனைத் திறந்து காட்டப் பிள்ளை தீபாவளிக்கு ஊர் வருமளவும் காத்திருக்கும் முதியோர் உளராயின், அரசு தந்த எளிமை அவர்க்கு எட்டவில்லை என்பதே பொருள்.

மூன்றாவது, அறிந்தவரோ உடையவரோ மறைந்தபின் நேரும் இழப்பு. யாம் அறிந்த ஓர் இல்லத்தில் தாயார் திடீரென இயற்கை எய்தினார். பத்தாண்டுக் காலத்துப் படங்களும், பேரப்பிள்ளைகட்கு அவர் அனுப்பிய குரற்செய்திகளும் அவர் கைபேசியில் இருந்தன. அதன் கடவெண் ஒருவர்க்கும் தெரியாது. கருவி இன்றும் அலமாரியில் உளது. அக்குரல் கேட்பார்க்கு எட்டாமற் போயிற்று. இதற்கு வழி இல்லாமலில்லை. தம் கணக்கு நெடுநாள் இயங்காதொழியின் அதனை இன்னாரிடம் ஒப்புவிக்க என்று முன்னரே குறித்து வைக்கும் ஏற்பாட்டைக் கூகுள் நிறுவனம் 2013-இலும், அதனை ஒத்த ஒன்றை ஆப்பிள் நிறுவனம் 2021-இலும் தந்தன. இரண்டாண்டு பயன்படாத தனியார் கணக்குகளை நீக்கிவிடலாம் என்னும் விதியையும் கூகுள் 2023-இல் அறிவித்ததாகலின், இது நாளைக்கென ஒதுக்கத்தக்க செயலன்று. 2023-இல் நம் நாட்டில் இயற்றப்பெற்ற தனியாள் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் தமக்குப்பின் ஒருவரை நியமிக்கும் உரிமையைக் கூறுகின்றது. நிலத்திற்கும் வீட்டிற்கும் உயில் எழுதும் நாம், அன்னையின் குரலுக்கு ஒரு வரி எழுதி வைத்தோமில்லை.

இவ்விடத்தில், முதியோர் தடுமாற்றம் அனைத்தும் அவர்தம் அறியாமையால் நேர்வதன்று என்பதையும் நடுநிலையோடு கூறுதல் வேண்டும். கருவியை ஆக்குவோர்மீதும் பெரும்பங்கு குற்றமுளது. ஒருவர் ஆறு திங்கள் முயன்று ஒரு பொத்தானின் இடத்தை மனத்திற் பதித்தபின், ஓரிரவில் 'புதுப்பித்தல்' என்று கூறி அதனை வேறிடத்திற்கு மாற்றுகின்றனர். நன்றாய் இயங்கும் கணினியும், அதன் மென்பொருளுக்கு ஆதரவு நின்றவுடன் பழம்பொருளாய்விடுகின்றது. விண்டோஸ் 10 என்பதற்கு 2025-ஆம் ஆண்டு அக்டோபர் 14-ஆம் நாளோடு பொது ஆதரவு நின்றது. மின்கலம் நலிந்த பழைய கைபேசிகளின் வேகத்தைத் தான் குறைத்ததை ஆப்பிள் நிறுவனம் 2017 டிசம்பரில் ஒப்புக்கொண்டது. வாங்கினோர்க்கு அதனை அறிவியாமைக்காக 2020-இல் பிரான்சு நாட்டில் 2.5 கோடி யூரோ தண்டம் செலுத்திற்று. வல்லுநரும் இத்தடுமாற்றத்திற்கு விலக்கல்லர். 2024 ஜூலை 19-ஆம் நாள், ஒரு காவல் மென்பொருளின் பிழைபட்ட புதுப்பித்தலால் உலகெங்கும் ஏறத்தாழ 85 இலட்சம் கணினிகள் நீலத்திரை காட்டி நின்றன. நம் நாட்டு விமான நிலையங்களில் ஏறுதற்சீட்டைக் கையால் எழுதித் தந்தனர். ஆதலின், கருவி நின்றவிடத்துத் திகைக்கும் தாயாரை நகைத்தல் தகாது.

ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜூன் 20 முதல், ஒருவகைக் கைபேசியின் விற்பனை முடிந்த பின்னரும் குறைந்தது 5 ஆண்டுகள் அதன் மென்பொருளைப் புதுப்பித்துத் தரல் வேண்டுமென விதித்துள்ளது. நம் மத்திய அரசும் 2022 டிசம்பரில், பழுதுநீக்கும் உரிமைக்கென ஓர் இணையதளத்தைத் தொடங்கிற்று. இவை வரவேற்கத்தக்கன. எனினும், சட்டம் கருவியின் ஆயுளை நீட்டலாம். தந்தைக்கு அருகில் அமர்ந்து கற்பிக்குமாறு மைந்தனை அது ஏவாது.

"ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?" என்று கூறி இம்முயற்சியை மறுப்பாரும் உளர். அவர்க்கு யாம் ஒரு நிகழ்ச்சியை நினைவூட்டுகின்றோம். 1957 ஏப்ரல் முதல் நாள், ரூபாய்க்குப் பதினாறு அணா என்னும் கணக்கு நீங்கி, ரூபாய்க்கு நூறு புதுக்காசு என்னுங் கணக்கு வந்தது. எழுத்தறியாத மூதாட்டியரும் சந்தையிற் கத்தரிக்காய் விற்றுக்கொண்டே அதனைக் கற்றனர். நாளும் கையாண்டமையால் அது கைவந்தது. நம் பெற்றோர்க்குக் கைபேசி கைவாராமைக்குக் காரணம், அவர் கையாளுமுன் நாம் அதனைப் பறித்துக்கொள்வதேயன்றி வேறன்று.

"கடவுச்சொல்லைப் பலரும் அறிதல் இடரன்றோ?" என்று வினவலாம். தக்க வினாவே. கற்பித்தல் வேறு, மறைபொருளைப் பரப்புதல் வேறு. ஓ.டி.பி.யை எவர்க்கும் சொல்லலாகாது என்பதே முதற்பாடம். நெடிய கடவுச்சொல் ஒன்றை அமைத்து, அதனை ஒரு குறிப்பேட்டில் எழுதிப் பத்திரங்களோடு பெட்டியில் வைத்துப் பூட்டுதல், எல்லாக் கணக்கிற்கும் பேரன் பெயரையே வைத்துக்கொள்வதினும் பன்மடங்கு காப்பானது. அடிக்கடி அதனை மாற்ற வேண்டுவதில்லை என அமெரிக்க நாட்டுத் தரநிர்ணய நிறுவனமே 2017-இல் தன் பழைய அறிவுரையைத் திருத்திக்கொண்டது. முதியோரை வாட்டிய ஒரு சுமை அதனாற் குறைந்தது.

மாணவ நண்பர்களே! இம்மலர் நும் கைக்கு வருங்கால் கோடை விடுமுறை அணித்தாயிருக்கும். ஊர் சென்றவுடன் நும்மை எதிர்நோக்கியிருப்பன தாயார் சமைத்த உணவும், ஆறு திங்களாகச் சேர்ந்த கைபேசிக் குறைகளுமாம். அவற்றை ஒரே மாலையில் தீர்த்துத் தந்துவிட்டு நண்பரோடு செல்லற்க. கருவி அவர் கையிலேயே இருக்கட்டும். நும் கை மடியில் இருக்கட்டும். நாளொன்றுக்கு ஒரு செயல் போதும். திரையின் மொழியைத் தமிழாக மாற்றிக் காட்டுமின். காலை வணக்கப் படங்களும் காணொளிகளும் தாமே சேர்ந்து இடத்தை அடைப்பதையும், அவற்றை அழிக்கும் முறையையும் அவர் விரலாலேயே செய்வித்துக் காட்டுமின். வழிகளை நீர் எழுதித் தாராது, அவர் தம் சொல்லால் தம் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளச் செய்மின். கணக்குகளில் அவரவர் எண்ணையே பதிவு செய்மின். படங்கட்கு மறுபடி ஒன்று வேறிடத்தில் உளதா என நோக்குமின். வீட்டில் தங்கையும் பாட்டியாரும் உடனிருந்து கேட்கட்டும். வித்தை ஒருவரோடு நில்லாதிருத்தலே நம் நோக்கமன்றோ?

விடுமுறை முடிந்து நாம் விடுதி திரும்பியபின், பழுதுற்ற கருவியைப் பற்றி ஒருமுறையேனும் வீட்டிலிருந்து, "நானே சரிசெய்துவிட்டேன் தம்பி" என்னும் செய்தி வருமாயின், அவ்விடுமுறை பயனுடையதாயிற்று என்று நாம் மகிழலாம். அன்றி, "மீண்டும் ஒருமுறை சொல்லிக்கொடு" என்னும் வேண்டுகோள் வரினும் மகிழ்தற்குரியதே. கேட்கும் கூச்சம் அவரை விட்டு நீங்கிற்று என்பதற்கு அதுவே சான்றாகும்.