கருமையைத் தேடிக் கண்ணை இழந்தோம்

பிறமொழிச் சொல் ஒன்றைத் தமிழாக்கிவிட்டால் நம் கடன் முடிந்தது என்று மகிழ்வோர் நம்முள் பலர் உளர். யானும் அவருள் ஒருவனாகவே இருந்தேன். அம்மகிழ்ச்சி எத்துணைப் பேதைமை என்பதை 2021ஆம் ஆண்டு எனக்குக் கற்பித்தது.

கொரோனாத் தொற்றின் இரண்டாம் அலை தணியத் தொடங்கிய நாளில் என் பழைய மாணவன் ஒருவன் தொலைபேசியில் அழைத்தான். தொற்றினின்று மீண்ட அவன் தாய்க்கு ஒருபக்கக் கன்னம் மரத்துவிட்டது, மூக்கு அடைத்தது, மேற்பல் ஆடியது. அவ்வம்மையார் நீரிழிவு உடையவர். "கரும்பூஞ்சை என்கிறார்களே, ஐயா. அம்மா முகத்தில் கருமை எதுவும் இல்லையே. அப்படியானால் அதுவாக இராதுதானே?" என்றான். "இராது, அஞ்சாதே" என்றேன், தமிழாசிரியனாகிய நான். ஐந்து நாள் கழித்துக் கருமை தோன்றியது. உயிர் மிஞ்சியது, ஒரு கண் போயிற்று.

அன்று சொன்ன சொல்லுக்கு இன்றும் நாணுகிறேன். நாணம் மட்டும் போதாது. பிழை எங்குப் பிறந்தது என்று ஆராய்தலும் வேண்டும்.

'கரும்பூஞ்சை' என்பது ஆங்கிலச் செய்தித்தாள்கள் பரப்பிய பெயரின் நேர் மொழிபெயர்ப்பு. மருத்துவர் அந்நோயை மியூக்கோர்மைக்கோசிசு என்பர். அதனை உண்டாக்கும் பூஞ்சை மண்ணிலும் மட்கிய இலையிலும் வாழ்வது. அதன் நுண்வித்துகளை நாம் மூச்சோடு இழுத்துக்கொண்டேதான் இருக்கிறோம்; நலமுடையார்க்குப் பெரும்பாலும் கேடில்லை. கட்டுக்கடங்கா நீரிழிவு உடையார்க்கும், நோயெதிர்ப்பாற்றலைத் தாழ்த்தும் இசுடீராய்டு மருந்தை மிகுதியாகக் கொண்டார்க்கும் அது கூற்றாகிறது. உடலுள் படரும் அதன் இழைகள் கருநிறத்தன அல்ல, நிறமற்றவை. அவை குருதிக் குழல்களுள் புகுந்து அடைப்பதால், குருதி பெறாத ஊன் செத்துக் கருகுகிறது. ஆகவே கருமை பூஞ்சையின் நிறமன்று. செத்த ஊனின் நிறம். நோயின் தொடக்கமன்று; முற்றல். கருமையைத் தேடிக் காத்திருப்பவன் காலங் கடந்தவன் ஆகிறான். உண்மையிலேயே கருநிறம் உடைய பூஞ்சைகள் வேறு உள. பூஞ்சையியலார் அப்பெயரால் சுட்டுவன அவற்றையே. வெங்காயத் தோலில் படிந்த கரும்பொடியைக் கண்டு மக்கள் அந்நாளில் அஞ்சியதும் இப்பெயரின் விளைவே.

இனி, மருந்தைப் பற்றிய அறியாமையும் இதனிற் சிறிதன்று. பாக்டீரியா என்னும் நுண்ணுயிரி நம் உயிரணுக்களினின்று பெரிதும் வேறுபட்டது. ஆகலின் நம்மை மிக வருத்தாமல் அதனைக் கொல்லும் மருந்துகள் பல. பூஞ்சையோ, உயிரினக் கிளைவழியில் செடிகொடிகளினும் நமக்கே நெருங்கியது. உறவினனே பகைவனாய் வந்தால் படைக்கலம் தேர்வது அரிதன்றோ? இருவர்க்கும் உள்ள வேற்றுமைகள் சிலவே. அவற்றுள் ஒன்று, நம் உயிரணுப் படலத்தில் கொலசுட்டெரால் இருக்க, பூஞ்சையின் படலத்தில் எர்கோசுட்டெரால் இருத்தல். இவ்வேற்றுமையைக் கொண்டே ஆம்போட்டெரிசின் என்னும் மருந்து தொழிற்படுகிறது. வெனிசுவேலா நாட்டு ஒரினோகோ ஆற்றுப் பகுதியில் எடுத்த மண்ணில் வாழ்ந்த நுண்ணுயிரி ஒன்றினின்று 1950களில் அது பிரித்தெடுக்கப்பட்டது. காடித்தன்மை, காரத்தன்மை ஆகிய இருபாங்கும் உடைமையால் அப்பெயர் பெற்றது. பொருளறிந்து பெயரிடுதல் அஃது என்க.

பூஞ்சையின் படலத்தைச் சிதைக்கும் அம்மருந்து நம் படலத்தையும் ஓரளவு பற்றுதலால் சிறுநீரகத்தைத் தாக்கும். கொழுப்புக் குமிழிகளுள் பொதிந்து செலுத்தும் பின்னாளைய வடிவம் அக்கேட்டைக் குறைக்கிறது, விலையோ மிகுதி. புளூகோனசோல், வோரிகோனசோல் போன்ற மருந்துகள் வேறு பூஞ்சைகளை அடக்கும், இதனை அடக்கா. மருந்து குருதிவழிச் செல்வது. குருதி ஓடாத செத்த ஊனை அது சென்றடையாது. எனவே அறுவையும் உடன் வேண்டும். நாள் கடந்தால் அறுக்க வேண்டிய இடமும் பெருகும்.

குமிழிவடிவ மருந்தின் வழக்கமான அளவு, உடல் எடையில் 1 கிலோவுக்கு 5 மில்லிகிராம். 60 கிலோ எடையுள்ளவர்க்கு ஒரு நாளைக்கு 300 மில்லிகிராம். அஃதாவது 50 மில்லிகிராம் குப்பிகள் 6. இவ்வாறு கிழமைக்கணக்கில் செலுத்த வேண்டும். 2021 சூன் இறுதிக்குள் இந்தியாவில் 40,000 பேருக்கும் மேல் இந்நோய் கண்டது. 3,000 பேருக்கும் மேல் மாண்டனர். ஒரு குப்பிக்காக ஊரூராய் அலைந்தோர் எத்தனையர்! அம்மருந்தின் மேலிருந்த சரக்கு–பணி வரியை நீக்கும் முடிவும் சூன் 12ஆம் நாள்தான் வந்தது. வீடு எரியும்போது கிணறு வெட்டிய கதை இது.

என் மாணவன் மருத்துவமனையில் கையொப்பமிட்ட தாளில் சிறுநீரகத்துக்கு நேரக்கூடிய கேடு எழுதப்பட்டிருந்தது, ஆங்கிலத்தில். படியாமலே ஒப்பமிட்டான். மருத்துவத்தின் நாற்கூறுகளை எண்ணிய வள்ளுவப் பேராசான் நோயுற்றவனையே முதலில் வைத்தார். நாமோ அவனைக் கடைசியில், அதுவும் கண்கட்டி நிறுத்தியிருக்கிறோம்.

ஆகவே, தமிழன்பர்களே, மூன்று செய்வோம். உடலுள் ஊடுருவும் பூஞ்சைநோய்க்குரிய மருந்துகளை மாவட்டந்தோறும் இருப்பில் வைக்குமாறு அரசை வற்புறுத்துவோம். உலக நலவாழ்வு நிறுவனமே 2022இல் 19 பூஞ்சைகளைக் கவனத்துக்குரியவை எனப் பட்டியலிட்டது. நோயாளி ஒப்பமிடும் தாள் அவர்க்கு விளங்கும் தமிழில் இருக்க வேண்டுமெனக் கேட்போம். மூன்றாவது நம் வேலை: 'கரும்பூஞ்சை'யைக் கைவிடுவோம். 'ஊன்கருக்கி நோய்' என யான் முன்மொழிகிறேன். கருகுவது ஊன் என்பதையாவது அது சொல்கிறது. இதனினும் நல்ல சொல் தருவோர் தருக. தமிழ்ச்சொல் என்பதனாலேயே ஒரு சொல் நற்சொல் ஆகிவிடாது. உண்மையைச் சொல்லாத சொல் எம்மொழியில் இருந்தாலும் அயற்சொல்லே. அதற்கு விலையாக ஓர் அன்னை தந்தது ஒரு கண்.