கேபிள் டிவி ‘கைடு’: வரிசைக்கு விதி இருக்கு, நேரத்துக்கு?

ரிமோட்டில் ‘கைடு’ பட்டனை அழுத்தினால் சில சேனல்களுக்கு நிகழ்ச்சிப் பெயர் வரும். சிலவற்றுக்கு ‘தகவல் இல்லை’ என்று வரும். இன்னும் சிலவற்றில் சீரியல் ஓடிக்கொண்டிருக்கும், கைடு மட்டும் ‘செய்திகள்’ என்று சாதிக்கும். புகார் சொன்னால், “பாக்ஸை ஒருதடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க” என்பார் கேபிள்காரர். அவரைத் திட்டிப் பயனில்லை. கோளாறு அவருக்கு மேலே இருக்கிறது.

கேபிள் இணைப்பில் சேனல்கள் செயற்கைக்கோளில் இருந்து நேராக வீட்டுக்கு வருவதில்லை. எம்.எஸ்.ஓ. எனப்படும் பெரிய கேபிள் நிறுவனத்தின் ‘ஹெட்எண்ட்’ மையத்துக்குத்தான் முதலில் வரும். அங்கே ஒவ்வொரு சேனலையும் தனியாகப் பிரித்து, வேறு சேனல்களோடு சேர்த்துக் கட்டி, புதிதாகப் பூட்டுப் போட்டு கேபிளில் அனுப்புகிறார்கள்.

டிஜிட்டல் ஒளிபரப்பில் படம், ஒலியோடு தகவல் அட்டவணைகளும் பயணிக்க முடியும். இப்போது என்ன நிகழ்ச்சி, அடுத்து என்ன, எத்தனை மணிக்கு என்று சொல்லும் அட்டவணைக்குப் பெயர் இ.ஐ.டி. ஆனா, ஹெட்எண்டில் சேனல்களை மாற்றி அடுக்கும்போது அவற்றின் அடையாள எண்களும் மாறலாம். அப்போது பழைய அட்டவணையை அப்படியே அனுப்பினால், எது எந்த சேனலுக்கு உரியது என்று பாக்ஸுக்குப் புரியாது. அதனால் புதிதாகத் தயாரிக்க வேண்டும். ஒளிபரப்பாளரோ, இடையில் உள்ள தகவல் நிறுவனமோ தரும் பட்டியல்தான் இதற்கு மூலம். பட்டியல் வரவில்லையா, திரையில் வெற்றிடம். மேட்ச் நீண்டு அடுத்த நிகழ்ச்சி தள்ளிப்போனால், அது சேனலுக்குத் தெரியும். பழைய பட்டியலை வைத்திருக்கும் கைடுக்குத் தெரியாது.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. இந்த அட்டவணையில் நேரம் உலகப் பொது நேரமான யுடிசி கணக்கில் இருக்கும். நம் நேரம் அதைவிட 5.30 மணி முன்னால். பாக்ஸ் அதைக் கூட்டிக் காட்ட வேண்டும். யாராவது இந்திய நேரத்தையே யுடிசி என்று ஏற்றிவிட்டால், இரவு 8 மணி சீரியல் கைடில் நள்ளிரவு தாண்டி 1.30-க்குப் போய் உட்காரும்.

சரி, சட்டம் என்ன சொல்கிறது? 2017-ல் டிராய் கொண்டுவந்த இணைப்பு ஒழுங்குமுறையில் கைடு பற்றித் தனி விதியே இருக்கிறது. ஒரே வகை சேனல்கள் அடுத்தடுத்து இருக்க வேண்டும் என்று அப்போது அது சொன்னது. அந்த வகைக்குள் ஒரே மொழி சேனல்கள் ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு சேனல் ஓரிடத்தில்தான் வரலாம். கொடுத்த எண்ணை ஓராண்டுக்குப் பொதுவாக மாற்றக் கூடாது. இவ்வளவு அக்கறை ஏன்? வரிசையில் எங்கே நிற்கிறோம் என்பது சேனல்களுக்குப் பணம் சார்ந்த விஷயம். அங்கே சண்டை வரும் என்பதால் விதியும் வந்தது.

இதே ஒழுங்குமுறை, கைடு என்றால் நிகழ்ச்சிகளையும் அவற்றின் நேர விவரங்களையும் பட்டியலிடுவது என்றுதான் வரையறுக்கிறது. ஆனால் அந்த விதி கட்டளையிடுவது சேனல் வரிசையையும் எண்ணையும் பற்றித்தான். நேரம் சரியாக இருக்க வேண்டும் என்ற பொறுப்பை அது யார் தலையிலும் வைக்கவில்லை. பார்வையாளருக்குத் தேவையான பாதி மட்டும் விடுபட்டுப்போனது தற்செயல் என்று சொல்வது கஷ்டம்.

‘ஓடிடி காலத்துல கைடை யாரு பாக்கறா?’ என்று கேட்கலாம். ஸ்மார்ட்போனில் தேடிப் பார்ப்பவர்களுக்கு இது பிரச்சினையே இல்லை. டிவியை மட்டும் நம்பியிருக்கும் வீட்டுப் பெரியவர்களுக்கு, மாதாமாதம் காசு கட்டி வாங்கும் சேவையில் இதுவும் ஒன்று. நேரம் குறித்து ரெக்கார்டிங் போடுபவர்களுக்கோ, தவறான கைடு என்றால் பாதி நிகழ்ச்சி போச்சு.

அமெரிக்காவில் தரைவழி டிஜிட்டல் சேனல்கள் நிகழ்ச்சித் தகவலையும் சேர்த்தே ஒளிபரப்ப வேண்டும் என்ற விதி 2005-லேயே அமலுக்கு வந்தது. இங்கேயும் பொறுப்பை இரண்டாகப் பிரித்து எழுதலாம். பட்டியலையும் கடைசி நேர மாற்றங்களையும் ஒரே வடிவத்தில் கொடுப்பது ஒளிபரப்பாளர் வேலை. அதைக் குறிப்பிட்ட நேரத்துக்குள் கைடில் ஏற்றுவது எம்.எஸ்.ஓ. வேலை. ‘கைடு தவறு’ என்பதையும் புகார் வகைகளில் ஒன்றாகச் சேர்த்தால், பாக்ஸை ஆஃப் பண்ணச் சொல்லி யாரும் தப்பிக்க முடியாது.